தடை வரட்டும், பிழைப்புக்கு வழி சொல்லுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தட வேட்டையைத் தடை செய்வோம் என்று 2024 தேர்தல் அறிக்கையில் தொழிலாளர் கட்சி வாக்குறுதி தந்தது. ஆட்சிக்கு வந்தபின், 2025 டிசம்பரில் வெளியிட்ட விலங்கு நல ஆவணத்திலும் அதை உறுதி செய்தது. தடை தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அந்தத் தடையால் பிழைப்பு இழப்பவர்களுக்கு என்ன செய்யப் போகிறது என்பதை பிரிட்டிஷ் அரசு அதே உறுதியோடு சொல்லவில்லை. தொழிற்சங்கங்களின் வயிற்றில் பிறந்த கட்சி இப்படி நடந்துகொள்வதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நாய்களை ஏவி நரியைக் கொல்வதை 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் தடுத்தது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்ததும் வேட்டைக் குழுக்கள் வேறு வழி கண்டன. நரியின் வாசனை தோய்ந்த துணியை முன்கூட்டியே வயல்வெளியில் இழுத்துச் செல்வார்கள். அந்தத் தடத்தை நாய்கள் மோப்பம் பிடித்து ஓட, குதிரைகளில் பின்தொடர்வார்கள். இதுதான் தட வேட்டை. நரி வாசனைக்கே பழக்கப்பட்ட நாய்கள், நரிகள் வாழும் புதர்க்காட்டில் ஓடினால் உயிருள்ள நரியைத்தான் துரத்தும். அதன்பின் 'விபத்து' என்று சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்து 2023இலேயே இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஊட்டி வென்லாக் புல்வெளியில் இதே இன நாய்களைக் கொண்டு குள்ளநரிகளைத் துரத்திய வரலாறு நமக்கும் தெரியும். அந்தக் கொடுமைக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை.

நம் கவலை, குதிரைமீது அமர்ந்திருப்பவர்களைப் பற்றியதன்று. அந்தக் குதிரைக்குத் தீனி வைப்பவரைப் பற்றியது. 2000ஆம் ஆண்டில் பர்ன்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு, வேட்டையை நம்பி 6,000 முதல் 8,000 வரையான முழுநேர வேலைகளுக்கு ஈடான பணிகள் இருப்பதாகக் கணித்தது. வேட்டைக் குழுக்களே நேரடியாகத் தந்த வேலை அதில் சுமார் 700 மட்டுமே. மற்றவற்றில் பல சுற்றியிருக்கும் கிராமங்களில் இருந்தன: லாடம் அடிப்பவர், சேணம் தைப்பவர், வைக்கோலும் தீவனமும் விற்பவர், லாயம் வாடகைக்கு விடுபவர், குதிரை வைத்தியர். நவம்பர் முதல் மார்ச் வரையான வேட்டைக் காலத்து வருமானம்தான் இவர்களில் பலருக்கு குளிர்காலம் முழுவதையும் ஓட்டித் தருகிறது. அந்தக் கணக்கு கால் நூற்றாண்டுப் பழையது. இன்றைய நிலவரத்தைக் கிராமம் கிராமமாக எண்ணிப் பார்த்துவிட்டல்லவா தடையை அறிவித்திருக்க வேண்டும்?

நாய்க்கொட்டிலில் வேலை செய்பவரின் நிலைமை எல்லாரிலும் மோசம். அவர் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் வேட்டைக் குழுவுக்குச் சொந்தமானது. வேலை போனால் வீட்டுச் சாவியையும் கொடுக்க வேண்டியவர் அவர். ஒரு கொட்டில் மூடினால் அக்கம்பக்கத்துக் கால்நடைப் பண்ணைகளும் அதை உணரும். பண்ணையில் செத்துப்போகும் ஆடுமாடுகளை எடுத்துச் சென்று நாய்களுக்கு உணவாக்குவதைப் பல குழுக்கள் செய்துவருகின்றன. 2003 முதல், சில ஒதுக்குப்புறப் பகுதிகள் தவிர, இறந்த கால்நடையைச் சொந்த நிலத்தில் புதைக்கவும் அனுமதியில்லை. இனி ஒவ்வொரு சடலத்தையும் அப்புறப்படுத்தக் கூடுதலாக யார் செலவழிப்பது? சிறு விவசாயிதானே?

தடையின் பாதிப்பு நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தில் பெரிதாக இராது என்றும், இழந்த வேலைகள் ஏழு முதல் பத்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் ஈடாகிவிடும் என்றும் அதே பர்ன்ஸ் அறிக்கை சொன்னது. இதைக் காட்டி அமைச்சர்கள் ஆறுதல் அடைந்தால் அது அநியாயம். ஐம்பது வயதில் கொட்டில் வேலையை இழப்பவர் ஏழாண்டு காத்திருந்து எங்கே போவார்? பணிநீக்க ஊதியம் இருக்கிறதே என்றால், லாடம் அடிப்பவர் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர். அவருக்கு அதுவும் கிடையாது.

இழப்பீடு தர வழியில்லை என்றும் சொல்ல முடியாது. மென்மயிருக்காக விலங்கு வளர்ப்பதை டோனி பிளேர் ஆட்சி 2000இல் சட்டமியற்றித் தடை செய்தபோது, அந்தப் பண்ணைகளை நடத்தியவர்களுக்கு இழப்பீடு வழங்க அந்தச் சட்டத்திலேயே இடம் வைத்தது. நான்கு ஆண்டு கழித்து அதே ஆட்சியில் வந்த வேட்டைச் சட்டத்தில் எவருக்கும் ஒரு பென்னிகூட இல்லை. பண்ணை முதலாளிக்குக் காட்டிய நியாயம் கொட்டில் கூலிக்காரருக்கு மறுக்கப்பட்டது. அந்தத் தவறை இரண்டாவது முறையும் செய்யாதீர்கள்.

வேட்டைக் குழுக்களும் குற்றவாளிகளே. விலங்கு வாசனையே இல்லாமல், சோம்பு எண்ணெய் போன்ற வாசனையை முன்னரே வகுத்த பாதையில் இட்டு நாய்களை ஓடவிடும் முறை இங்கிலாந்தில் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கும் நாய் வேண்டும், குதிரை வேண்டும், லாடம் வேண்டும். இருபது ஆண்டு அவகாசம் இருந்தும் அதற்கு மாறாமல், நரி வாசனையை விடாப்பிடியாகப் பிடித்திருந்தவர்கள், இன்று ஊழியர்களின் வயிற்றைக் கேடயமாக நீட்டுவது வெட்கக்கேடு.

ஆகவே அரசு தன் போக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். விலங்கு வாசனையற்ற ஓட்டத்துக்குத் தடையில்லை என்பதை மசோதாவிலேயே ஐயத்துக்கு இடமின்றி எழுதுக. அதற்கு மாற முன்வரும் குழுவுக்கு ஒரு வேட்டைக் காலம் முழுவதும் அவகாசமும், மாறும் செலவில் பங்கும் தருக. மூடப்படும் கொட்டிலின் ஊழியருக்கு இழப்பீடும், மாற்று வீடு கிடைக்கும்வரை இருக்கும் வீட்டில் குடியிருக்கும் உரிமையும் சட்டப்படி உறுதியாகட்டும். இறந்த கால்நடைகளை அப்புறப்படுத்த மாவட்டந்தோறும் மாற்று ஏற்பாடு செய்தபின் தடை நடைமுறைக்கு வரட்டும். இந்தப் பிரிவுகள் இல்லாத மசோதாவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தால், கிராமப்புறத் தொகுதிகளிலிருந்து வென்ற தொழிலாளர் கட்சி உறுப்பினர்களே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.