வரப்புச் சண்டையில் ஆயுள் தண்டனை... அப்பீலுக்கு 60 நாள்!

‘‘வாய்க்கால் தகராறில் மண்வெட்டியால் ஒரே அடி, பக்கத்து நிலத்துக்காரர் இறந்துவிட்டார். கடலூர் செஷன்ஸ் கோர்ட், தம்பிக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது. அப்பீலுக்காக நிலத்தை விற்கத்தான் வேண்டுமா?’’

- வாசகர், நெய்வேலி.

வேண்டியதில்லை. சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச தொலைபேசி எண் 15100. சென்னை உயர் நீதிமன்றத்தில் 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தீர்ப்பு நகல் இலவசம். சிறை அதிகாரி மூலமாகவும் மனு அனுப்பலாம். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கவும் வழி உண்டு.

முன்கூட்டியே திட்டமிட்டதா, திடீர்ச் சண்டையா? மண்வெட்டி வேலைக்காகக் கையில் இருந்ததா, அடிப்பதற்காகவே எடுத்து வந்ததா? அடி எங்கே விழுந்தது? இவற்றையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். தமிழ்நாட்டில் நிலத்தகராறில் களைவெட்டியால் அடித்த விவசாயியின் வழக்கில், 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 304-வது பிரிவின் முதல் பகுதியிலிருந்து, தண்டனை குறைவான இரண்டாம் பகுதிக்குக் குற்றத்தை மாற்றியது.

ஆனால், ‘ஒரே அடிதான்’ என்பது மட்டும் கொலைக் குற்றத்தைப் போக்கிவிடாது. கோபமூட்டியது என்ன என்பதற்குச் சாட்சி வேண்டும். தண்டனை குறைவான அந்தக் குற்றத்துக்கும் 10 ஆண்டு வரை சிறை உண்டு. வாய்க்கால் தகராறை வி.ஏ.ஓ., சர்வேயரிடம் கொண்டுபோயிருந்தால், இரண்டு குடும்பங்கள் பிழைத்திருக்கும்.