இரகசியக் காதலின் ருசி

காதல் என்பது ஒளிவு மறைவாய் இருந்தால்தான் ருசி என்று ஒரு பேச்சு நம் நாட்டில் வெகு காலமாய் நடமாடி வருகிறது. புலவர்கள் அதற்குக் களவு என்று பேர் வைத்து இலக்கணமும் செய்துவிட்டார்கள். சினிமாக்காரர்களோ டிக்கெட்டுப் போட்டு விற்கிறார்கள்.

ருசி இருப்பது வாஸ்தவந்தான். வேலி போட்ட தோட்டத்து மாங்காய்க்குத் தனி ருசி உண்டென்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அந்த ருசி மாங்காயினுடையதா, வேலியினுடையதா என்றுதான் நாம் கேட்கிறோம்.

முட்டம் கடற்கரைக்குப் போகிறவர்கள் பாறைகளைப் பார்த்துவிட்டு, இங்கேதான் "அலைகள் ஓய்வதில்லை" படம் எடுத்தார்கள் என்று பேசிக்கொள்வார்கள். 1981-ல் பாரதிராஜா எடுத்த அப்படத்தில் பார்ப்பனப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் ஒளிந்து ஒளிந்து காதலிக்கிறார்கள். ஜனங்களுக்கு அந்த ஒளிதலும் பாட்டுமே ஞாபகம். முடிவில் பையன் பூணூலையும், பெண் சிலுவையையும் கழற்றி எறிந்தது எத்தனை பேருக்கு ஞாபகம்? அவர்களை ஒளிய வைத்தவை அவ்விரண்டுமே அல்லவா?

நிற்க, அதே ஜில்லாவில் தக்கலைக்கு அருகே வேளிமலைக் குமாரகோயிலில் முருகனுக்கும் வள்ளிக்கும் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். பெண் வீட்டாராகிய குறவர்கள் எதிர்த்துச் சண்டையிட்டுத் தோற்பதாக ஒரு சடங்கும் உண்டு. வேஷம் மாறி வந்து, பெற்றோர் அறியாமல், வேறு ஜாதிப் பெண்ணைக் கொண்டுபோன சாமிக்கு ஊரே கூடிக் கும்பிடு போடுகிறது. பக்கத்துத் தெருப் பையன் வேறு ஜாதிப் பெண்ணை மணந்தாலோ? 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுத்தெருவில் வெட்டியதை நாடே பார்த்தது. சாமிக்கு ஒரு நியாயம், ஆசாமிக்கு ஒரு நியாயமா?

இரகசியத்தின் பலன் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாயிருப்பதுமில்லை. "அவள் யாரென்றே தெரியாது" என்று ஆண் சொல்லிவிட்டுப் போகலாம், சாட்சி கிடையாது. பெண் அப்படிச் சொன்னாலும் அவள் வயிறு காட்டிக் கொடுத்துவிடும். அன்றியும், மறைவில் அரைமணி நேரம் சந்திக்கிறவர்கள் ஒருவரையொருவர் கோபத்திலும் சோர்விலும் பார்த்தறியாமல், நெஞ்சு படபடப்பதையே காதலென்று எண்ணிக்கொள்கிறார்கள்.

சரி, வெளிப்படையாய் மணந்துகொள்வோம் என்று பூணூலும் சிலுவையும் வேண்டாத இருவர் 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தின்படி போனால், 30 நாள் முன்னதாக நோட்டீசு கொடுக்க வேண்டும். அதை ஆபீசில் எல்லோரும் பார்க்க ஒட்டுவார்கள். அரிவாள்காரனுக்குச் சர்க்காரே தகவல் கொடுப்பது போலல்லவா இது!

இந்துக்கள் என்ற கணக்கில் வருகிறவர்களுக்கு 1967-ம் வருஷத்துச் சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கிறது. வக்கீல் அறையில் இரகசியமாய் நடந்தால் அது செல்லாதென்று சென்னை ஹைக்கோர்ட்டு 2014-ல் சொன்னதை, சுப்ரீம் கோர்ட்டு 2023 ஆகஸ்டில் தள்ளிவிட்டது. எதிர்ப்பும் ஆபத்தும் உள்ளவர்களை ஊரறிய மணம் செய் என்று கட்டாயப்படுத்தக் கூடாதென்பது அதன் கருத்து. மேடை போட்டு, ஊரைக் கூட்டி மணம் செய்வித்த இயக்கத்தார் நாம். மூடிய கதவுக்குள் நடப்பதில் நமக்குத் திருப்தியில்லை. ஆனால் உயிர் தப்ப வேண்டியவர்களிடம் மேடையைப் பற்றிப் பேசுவது அறிவீனம்.

ஆதலால் அந்த 30 நாள் நோட்டீசை எடுத்துவிட வேண்டுமென்று ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானம் செய்து சர்க்காருக்கு அனுப்ப வேண்டும். அதுவரை, சாட்சிக்கு ஆள் வேண்டுமென்று எவர் வந்து கேட்டாலும், நேரங்காலம் பார்க்காமல் நம் தோழர்கள் கிளம்ப வேண்டியது.