தோட்டா இல்லாத பரம்பரைச் சொத்து

தாத்தா விட்டுச்சென்ற நிலத்தில் பயிர் செய்யலாம். வீட்டில் குடியிருக்கலாம். நகையை அடகு வைக்கலாம். அவர் விட்டுச்சென்ற வேட்டைத் துப்பாக்கியை என்ன செய்வது? ஜமீன் மாளிகைகளிலும் மலைத்தோட்ட பங்களாக்களிலும் வளர்ந்த வாரிசுகள் சிலருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வியல்ல. அந்தத் துப்பாக்கியின் வேலையை 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறித்துவிட்டது. அதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் ஏறத்தாழ அதே சமயத்தில் அதன் தீனியும் நின்றுபோனது.

தீனி என்றால் தோட்டா. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் செய்யப்பட்ட இரட்டைக் குழல் ரைபிள்களுக்கு .470, .465 போன்ற பெரிய தோட்டாக்களைத் தந்துவந்த பிரிட்டனின் கைனாக், 1970 வாக்கில் அவற்றைக் கைவிட்டது. கைவேலைக்குப் பேர்போன துப்பாக்கிகள் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்களாயின. அவற்றைக் காப்பாற்றியவர்கள், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டுக் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்து தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொண்டவர்கள்தான். அவர்களை நம்பியே சிறு நிறுவனங்கள் பித்தளை உறைகளைச் செய்தன. ஆஸ்திரேலியாவின் உட்லீ நிறுவனம் பழைய எடையிலேயே புதிய குண்டுகளைச் செய்து விற்றது. 1990களில் கைனாக் பெயரிலேயே தோட்டாக்கள் மறுபடி வரத் தொடங்கின.

தோட்டா நிரப்புவது கேட்பதற்கு எளிதுதான். ஒரு தோட்டாவில் நான்கே பாகங்கள்: பித்தளை உறை, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது உறை மட்டும். அதை மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரைப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருக வேண்டும். நிறுப்பது கிரெய்ன் கணக்கில். 15 கிரெய்ன் சேர்ந்தால்தான் ஏறத்தாழ ஒரு கிராம். நகைக்கடைத் தராசுக்கு உள்ள பொறுமை இதற்கும் வேண்டும்.

சிக்கல் துப்பாக்கியின் வயதில் இருக்கிறது. இரட்டைக் குழல் ரைபிளின் குழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. முன்பக்கம் லேசாக நெருங்கி வரும்படி பற்றவைக்கப்பட்டிருக்கும். இரண்டு குண்டும் ஒரே இடத்தில் பட வேண்டும் என்பதற்காகக் கைவினைஞர் திரும்பத் திரும்பச் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த கோணம் அது. அவர் எந்தத் தோட்டாவை வைத்துச் சரிசெய்தாரோ, அதற்குத்தான் அந்தக் கோணம் பொருந்தும். குண்டின் எடையோ வேகமோ மாறினால் இரண்டு குழலும் ஆளுக்கொரு பக்கம் சுடும். மருந்தின் எடையையும் குண்டின் எடையையும் குழலின் அடியிலேயே பொறித்து வைத்தது இதனால்தான். .470 ரைபிளுக்கு அது வழக்கமாக 75 கிரெய்ன் கார்டைட், 500 கிரெய்ன் குண்டு.

கண்ணி இந்த எண்ணில்தான். கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினும் துப்பாக்கிப் பஞ்சும் கலந்து, சேமியா போல இழை இழையாகச் செய்யப்பட்ட மருந்து. இன்றைய மருந்துகள் வேறு ஜாதி. பழைய 75-ஐ நம்பி அவற்றைக் கொட்டினால் அதிர்ஷ்டம் இருந்தால் குறி தப்பும். இல்லாவிட்டால் குழல் வெடித்துக் கண்ணோ கையோ போகும். தாத்தாவின் பீரோவில் கிடக்கும் பெட்டியும் நம்பத்தக்கதல்ல. வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் எகிறும் என்பதால் வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்த தோட்டாக்களைச் செய்தார்கள். பழைய பிரைமர்களில் இருந்த பாதரசம், சுட்ட பிறகு பித்தளையை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பார்வைக்குப் பளபளக்கும் உறை, மறுமுறை நிரப்பிச் சுட்டால் பிளக்கலாம்.

எல்லாப் பரம்பரைத் துப்பாக்கிக்கும் இந்தக் கதி இல்லை. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரிக்பி .275, ஜெர்மனியின் 7 மி.மீ. மௌசர் தோட்டாவையே வேறு பெயரில் சுடும் ரகம். அந்தத் தோட்டா இன்றும் உலகச் சந்தையில் கிடைக்கிறது. தோட்டா பிழைத்தால் துப்பாக்கியும் பிழைக்கும்.

அதே 1907-ல்தான் தோட்டா நிரப்பும் கலையின் மீது அரசாங்கத்துக்கு இருந்த பயமும் வெளிப்பட்டது. அந்நாளில் பெரிய வேட்டைக்குப் பிரபலமான அளவு .450. கலகக்காரர்களின் கையில் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளும் அதே அளவு. வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிரித்தெடுத்து அவற்றுக்கு நிரப்பிவிடுவார்களோ என்று பிரிட்டிஷார் அஞ்சினார்கள். இந்தியாவிலும் சூடானிலும் .450-க்குத் தடை வந்தது. துப்பாக்கி செய்பவர்கள் சளைக்கவில்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465-ஐக் கொண்டுவந்தது. ஜோசப் லாங்கின் .470 புகழ் பெற்றது. இன்று வாரிசுகளைத் திண்டாட வைக்கும் விசித்திர அளவுகளில் பல, யாரோ திருட்டுத்தனமாகத் தோட்டா நிரப்புவார்கள் என்ற பயத்தால் செல்வாக்குப் பெற்றவைதான்.

பயம் சுதந்திர இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருக்கிறதே என்பது சமாதானமாகாது. அது வேறு, இது வேறு. 2019-ம் ஆண்டுத் திருத்தம் இதற்கான தண்டனையைக் குறைந்தது 7 ஆண்டுகளாகவும் அதிகபட்சம் ஆயுளாகவும் உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்துக்கும் இதே கணக்குதான். உள்நாட்டு ஆலைகள் .315, 12 போர் போன்ற தோட்டாக்களைச் செய்கின்றன; .470-க்கு அங்கே இடமில்லை. வெளிநாட்டில் மறுபிறவி எடுத்த தோட்டாவை வரவழைக்கவும் சாதாரண உரிமதாரருக்கு வழியில்லை.

சட்டம் கடுமையாக இருப்பதில் தவறில்லை. கள்ளத் துப்பாக்கி பட்டறைக்குப் பட்டறை தயாராகும் நாட்டில், தோட்டாவைப் பிடித்து நிறுத்தினால்தான் அது வெறும் இரும்புக் குழாயாகும். ஆனால் ஒரு கும்பலுக்குத் தோட்டா செய்து விற்பவனையும், நூறு வயதுத் துப்பாக்கியில் காகித இலக்கைச் சுடுவதற்காக இருபது உறைகளை நிரப்பும் வாரிசையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. இதற்கு நடுவழி உண்டு. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்புகளில், உரிமத்தோடும் கண்காணிப்போடும், ஒவ்வொரு உறைக்கும் கணக்கு எழுதி நிரப்ப அனுமதிக்கலாம். துப்பாக்கியை நிபுணர் சோதித்த பிறகே சுடலாம். சுட விருப்பமில்லாதவர்களின் துப்பாக்கிகளைச் செயலிழக்கச் செய்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்கலாம். காவல் நிலையத்தின் மூலையில் துருப்பிடிப்பதைவிட அது மரியாதையான முடிவு.

அந்த நாள் வரும்வரை வாரிசுக்கு இரண்டே கடமைகள். உரிமையாளர் இறந்தவுடன் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுத் தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிப்பது ஒன்று. தோட்டா நிரப்பித் தருவதாக ரகசியமாகச் சொல்லும் ஆசாமியை வாசலோடு திருப்பி அனுப்புவது மற்றொன்று. அவனிடம் தராசும் இருக்காது, குழலடியில் உள்ள எண்ணுக்கு அர்த்தமும் தெரியாது. வெடித்தால் சிதறுவது தாத்தாவின் துப்பாக்கி மட்டுமல்ல.