பிள்ளைக்குப் பஞ்சி இல்லை, பிழை எங்களில்தான்



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் கர்ப்பிணித் தாய் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள். இல்லாவிட்டாலும் வாசியுங்கள். இது எங்கள் எல்லோருடைய வாயைப் பற்றியதும்தான்.

எங்களிடம் படிக்கும் பிள்ளை ஒன்றுக்குத் தங்கச்சி பிறந்திருந்தாள். குறைமாதம். வைத்தியசாலையால் வந்தபிறகு ஆசிரியர்கள் நாலு பேர் பார்க்கப் போனோம். வீடு நிறையச் சனம். "பிள்ளைக்குப் பஞ்சி, உறிஞ்சுதில்லை" என்றார் ஒருவர். "தாய்க்குப் பால் காணாது, போத்தலைக் குடுங்கோ" என்றார் இன்னொருவர். நித்திரையாய்க் கிடந்த பிள்ளையின் வாயில் போத்தலை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தது. தாய்தான் பறித்தெடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இன்று நலம். ஆனால் படித்தவர்கள் என்று போன நாங்கள் நாலு பேரும் வாய் மூடி இருந்தோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

பால் குடிப்பது சின்ன வேலை என்று நினைக்கிறோம். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், மூச்சும் விட வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒழுங்காக நடக்க வேண்டும். தாயின் வயிற்றுக்குள்ளேயே பிள்ளை விரல் சூப்பும், நீரை விழுங்கும். ஆனால் அங்கே மூச்சு விடும் வேலை இல்லை. மூன்றும் சேர்ந்து ஓடத் தொடங்குவது பொதுவாக 32 முதல் 34 கிழமைகளில். நன்றாகப் படிவது 36, 37 கிழமையளவில். அதற்கு முன் பிறந்த பிள்ளை குடிக்க மறுக்கவில்லை. அதற்கு இன்னும் இயலவில்லை.

தரம் ஒன்றுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு "மக்கு" என்று சொல்வோமா? குறைமாதப் பிள்ளையைப் "பஞ்சி" என்பதும் அதே அநியாயம்தான்.

"இருமவில்லைத்தானே, பால் சரியாகத்தான் போகுது" என்கிறார்கள். இது ஆபத்தான கதை. பால் மூச்சுப் பாதைப் பக்கம் போனால் பெரியவர்கள் புரைக்கேறி இருமுவோம். குறைமாதப் பிள்ளை பல வேளை இருமாது. மூச்சை நிறுத்திவிடும். சத்தமே வராது. நுரையீரலுக்குள் பால் போனால் நியூமோனியா வரும்.

ஆயத்தமான பிள்ளை அதைக் காட்டும். பால் நேரத்துக்குத் தானாக விழிக்கும். கையை வாய்க்குக் கொண்டுபோகும். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும். சில தரம் உறிஞ்சி, நிறுத்தி, மூச்செடுத்து, திரும்ப உறிஞ்சும். களைத்த பிள்ளையும் காட்டும். விரல்களை விரிக்கும், முகத்தைச் சுழிக்கும், வாயோரத்தால் பால் வழியும், உடம்பு துவளும், நித்திரையாகிவிடும். அப்போது பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும். நிறம் மாறினால், மூச்சு நின்று நின்று வந்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். கிழமைக் கணக்கு மட்டும் போதாது, நிறை மட்டும் போதாது. பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

"முதலில் போத்தலில் பழகட்டும், பிறகு முலைப்பால்" என்பதும் தலைகீழ்ப் பேச்சு. போத்தலில் பால் தானாக வந்து விழும், பிள்ளைக்கு மூச்செடுக்க இடைவெளி இல்லை. தாயிடம் பிள்ளைதான் வேகத்தைத் தீர்மானிக்கும். சுவீடனில் செய்த ஆய்வுகளில் 28, 29 கிழமைப் பிள்ளைகள்கூடத் தாயின் மார்பைத் தேடிப் பற்றியதைப் பதிந்திருக்கிறார்கள். வயிறு நிறையக் குடிக்க அல்ல, பழக. அதுவரை குழாயால் கறந்த தாய்ப்பால் போகும். குழாயைக் கண்டு அழாதீர்கள். குழாய் தோல்வி இல்லை, அது பிள்ளைக்குக் கிடைத்த தவணை.

எங்கள் வழக்கங்களையும் பேச வேண்டும். தேன், சீனித் தண்ணி, கோரோசனை. எங்கள் முஸ்லிம் வீடுகளில் தஹ்னீக், பேரீச்சம்பழம். அன்பால் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வயதுக்கு முன் எந்தப் பிள்ளைக்கும் தேன் கூடாது. குறைமாதப் பிள்ளையின் வாயில் வைத்தியரைக் கேட்காமல் எதையும் வைக்கக் கூடாது. பாலூட்டும் தாய்க்கு நோன்பையே பிற்போட இடம் கொடுத்த மார்க்கம், ஒரு சிசுவின் மூச்சைப் பணயம் வைக்கச் சொல்லாது.

"நாங்கள் மரத்துக்குக் கீழ வளர்த்தனாங்கள்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உண்மை. 1996இல் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தபோது அப்படித்தான் வளர்த்தார்கள். அவர்களின் உழைப்புக்கு முன் தலை குனிகிறோம். ஆனால் தப்பிய பிள்ளைகள்தான் இன்று கதை சொல்கிறார்கள். தப்பாத பிள்ளைகளுக்கு வாய் இல்லை.

சுகாதாரத் துறையிடமும் கேட்கிறோம். "எத்தனை மில்லி குடிச்சது?" என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். எப்படிக் குடித்தது என்றும் பாருங்கள். அதைத் தாய்க்கும் தந்தைக்கும் அம்மம்மாவுக்கும் காட்டிக் கொடுத்து வீட்டுக்கு விடுங்கள். தாய் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க இடம் கொடுங்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல், இன்குபேட்டர் போதாத நிலையில் தொடங்கிய முறை அது. ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022இல் பரிந்துரைத்திருக்கிறது. இதற்குக் கட்டில் வேண்டும், கதிரை வேண்டும், பெரிய இயந்திரம் வேண்டாம். உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் சோதிக்கத் தெரிந்த பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள், தமிழில் தாயோடு கதைக்கக் கூடியவர்கள், வன்னிக்கு வேண்டும். உயர்தரத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளே, டொக்டர், எஞ்சினியர் தவிர இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது.

கடைசியாக எங்களுக்கு. குறைமாதப் பிள்ளையைப் பார்க்கப் போனால் கையைக் கழுவுங்கள். நிறையைக் கேட்காதீர்கள். பாலைப் பற்றித் தாயை விசாரிக்காதீர்கள். சோறு கறி சமைத்துக் கொண்டுபோங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குங்கள். சந்தேகம் என்றால் குடும்பநல மாதுவைக் கூப்பிடுங்கள்.

அந்தத் தாய்க்குத் தேவையானது நேரம். அதைக் கொடுப்பதற்கு எங்களுக்குக் காசு செலவில்லை.