பழைய ரிவால்வருக்குப் புது மெருகு எதற்கு?

1830-ம் ஆண்டு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட ‘கார்வோ’ என்ற பாய்மரக் கப்பலில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். சுக்கான் சக்கரத்தை எப்படிச் சுழற்றினாலும் அதன் ஆரக்கால் ஒன்று பூட்டுக்கு நேராக வந்து நிற்பதை அவன் கவனித்தானாம். அதைப் பின்பற்றிச் சுழலும் துப்பாக்கி ஒன்றை மரத்தில் செதுக்கினான். அவன்தான் சாமுவேல் கோல்ட். 1836-ல் அமெரிக்காவில் அவன் காப்புரிமை பெற்ற ரிவால்வரின் கதை இப்படித்தான் நம் ஊரை நோக்கிய கடற்பயணத்தில் தொடங்கியது என்பார்கள்.

அந்தக் காலத்து ரிவால்வர்களின் மாதிரியில் இத்தாலியக் கம்பெனிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கின்றன. அவற்றை வாங்கிப் பிடியை மாற்றி, பூவேலை செதுக்கி, குழலுக்கு நீலமெருகு ஏற்றுவது மேல்நாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது, செய்துவிட்டுப் போகட்டும். தாத்தா காலத்து ரிவால்வரை வைத்திருக்கும் நம்மவர் சிலருக்கும் இந்த ஆசை தொற்றிக்கொள்கிறது. இது வேண்டாத ஆசை என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்ப்பதையோ மாற்றியமைப்பதையோ லைசென்ஸ் பெற்றவர்தான் தொழிலாகச் செய்யலாம். ‘இது புராதனப் பொருள்தானே’ என்று கேட்கலாம். பழுது பார்த்தாலும் சுட முடியாத புராதனத் துப்பாக்கிக்குத்தான் விலக்கு உண்டு. பழுது பார்த்தால் சுடும் என்றால், வயது நூறானாலும் அது ஆயுதமே. லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால் வாரிசுகள் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்க முடியாது. போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, தங்கள் பெயருக்கு லைசென்ஸ் கோர வேண்டும்.

மெருகேற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்புத்தாளால் தேய்க்கும்போது துருவோடு எண்ணும் போய்விடும். எண் அழிந்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால் அவரே அழித்தார் என்று சட்டம் கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு.

அந்த எண்ணின் மதிப்பு என்ன என்பதை இந்த நகரின் சரித்திரமே சொல்லும். 1914 ஆகஸ்ட் 26-ந் தேதி ராடா கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கச் சாவடியிலிருந்து எடுத்துவரப் போனார் குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ரா. கம்பெனிக்கு வந்து சேர்ந்தவை 192. மீதிப் பத்துப் பெட்டிகள் மாட்டுவண்டியோடு மாயமாயின. அவற்றில் இருந்த 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் புரட்சிக்காரர்களின் கைக்குப் போயின. ஒவ்வொரு பிஸ்டலின் எண்ணும் கம்பெனிப் புத்தகத்தில் பதிவாகியிருந்தது. பின்னாளில் பிடிபட்ட ஒன்றைப் பார்த்து, ‘இது ராடா பிஸ்டல்’ என்று அடித்துச் சொல்ல அந்த எண்ணே சாட்சி. அதைத் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது வெறும் இரும்புதான்.

‘அப்படியானால் ஹூக்ளிக் காற்றில் துருப்பிடித்துப் போகட்டுமா?’ என்று கேட்பீர்கள். வேண்டாம். துடைப்பது வேறு, தேய்ப்பது வேறு. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டு வாங்கலாம். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். அதற்காக அரிவாளின் அடையாளத்தையா மாற்றுகிறோம்? பிடியில் தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்த வழவழப்பை எந்தச் சிற்பியாலும் திரும்பச் செய்துதர முடியாது.

கைவேலையில் ஆசையுள்ளவர்களுக்கு ஒரு யோசனை. கோல்ட் செதுக்கிய மர மாதிரி இன்றும் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களும் ஒரு தேக்குத் துண்டை எடுங்கள், விரும்பிய பூவேலையைச் செதுக்குங்கள், பேரனிடம் கொடுங்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டாம், எண்ணும் வேண்டாம். எண்ணுள்ளதை மட்டும் இருந்தபடியே இருக்க விடுங்கள்.