போர்வை வேண்டாம், தார்ப்பாய் கொடுங்கள்!

வீடு வாசல் இல்லாதவர்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒரே கஷ்டம்தான் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படியில்லை, சகோதரிகளே! ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் அந்தக் கஷ்டம் மாறுகிறது. நாம் செய்கிற உதவியும் அதற்கேற்ப மாற வேண்டாமா?

டில்லியில் எமன் குளிராக வருகிறான். ஜனவரி ராத்திரிகளில் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும் ஊரில் கம்பளி உயிரைக் காக்கும். நம்ம சென்னையில் குளிரில் விறைப்பவர் யார்? இங்கே எமன் மழையும் வெயிலும்தான். ஆனாலும், பிறந்த நாளோ நினைவு நாளோ வந்தால், பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்குப் போர்வை கொடுத்துப் போட்டோ எடுத்துக் கொள்கிறோம். ஒரு தடவை நனைந்தால் மூன்று நாளானாலும் காயாத போர்வையை வைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் அவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. பூ விற்கும் அம்மா ஒருவர் சொன்னார்: "வெயில்னா நெழலு பாத்து ஒதுங்கிடலாம்மா. மழை வந்தா அடுப்பு, அரிசி, புள்ளைங்க புஸ்தகம், ரேஷன் கார்டு எதைன்னு தூக்கறது? கடை வாசல்ல ஒதுங்கினா தொரத்துறாங்க. வயசுப் பொண்ணை வச்சிக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிக்கினே இருப்பேன்."

ஆண்பிள்ளை எங்கேயாவது சுருண்டு படுத்துவிடுவான். விறகு நனைந்தால் சமைக்க முடியாமல் தவிப்பவள் பெண். மாதவிலக்குத் துணியை உலர்த்த இடமின்றிக் கூசிப்போகிறவளும் அவள்தான்.

"நகருக்கு வெளியே வீடு கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கும், 6 மணிக்கு நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்கவும் பெரும்பாக்கத்திலிருந்து எப்படி வந்து சேர முடியும்? பிழைப்பு இருக்கும் இடத்தில்தானே அவர்கள் படுக்க முடியும்?

1981 ஜூலையில், மழைக்காலத்தில், பம்பாய் பிளாட்பாரவாசிகளைக் காலி செய்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. மழைக்காலம் கழியட்டும், அக்டோபர் 31 வரை அவர்களை அகற்றக் கூடாது என்றும் கோர்ட் சொன்னது. பம்பாய்க்கு அது சரி. நமக்கோ மழை பிடிப்பதே அப்போதுதான்! சென்னையில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பரில் மாடி வீட்டுக்காரர்களே படகில் ஏறினோம். அந்தந்த ஊர் மழையைப் பார்த்துத்தான் கெடு வைக்க வேண்டும்.

2010-ல், லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று பெரிய நகரங்களுக்கு சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 'ராத்திரி படுத்து எழுந்து போ' என்பது குளிருக்குப் பொருந்தும். அக்னி நட்சத்திர வெயிலில் பச்சைக் குழந்தைக்காரிக்குப் பகல் ஒரு மணிக்கல்லவா கூரை வேண்டும்? ஆணுக்கு ஒரு கட்டடம், பெண்ணுக்கு ஒரு கட்டடம் என்று பிரித்தால் குடும்பஸ்தர் எங்கே போவார்கள்? குடும்பத்தோடு தங்க இடமும், சாமான்களைப் பூட்டி வைக்க ஒரு பெட்டியும் வேண்டும்.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்துக்கும் அதிகம். அத்தனை பேருக்கும் வீடு கட்டித்தர நம்மால் ஆகாது. ஆனால், தானம் செய்ய நினைக்கும் நாம், புரட்டாசியிலேயே நல்ல தார்ப்பாயும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் வாங்கித் தரலாம். சித்திரையில் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே, இடுப்பளவு தண்ணீர் வரும்வரை காத்திராமல், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடச் சொல்லி நம் வார்டு கவுன்சிலரைக் கேட்கலாம். பொதுக் கழிப்பறையை ராத்திரியில் பூட்டாதீர்கள் என்று மனு கொடுக்கலாம். ஓட்டுப் போடுகிற நாம் கேட்டால் நடக்காதா என்ன?

— ஒரு இல்லத்தரசி, பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.