இரண்டு பக்கமும் வலிக்கும் ஒற்றைத் தலைவலி

சேலம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

ஏற்காடு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. மாதத்தில் மூன்று நாள், இரண்டாவது பீரியடிலேயே முகம் வெளுத்துவிடும். ஜன்னல் வெளிச்சம் ஆகாது, பெஞ்சு இழுக்கும் சத்தம் ஆகாது. வாந்தி எடுப்பாள். கூட்டிவந்து கதவைச் சாத்திப் படுக்கவைத்தால், இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து "பசிக்குது அத்தை" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் வினை. "பரிட்சைன்னா இவளுக்கு மண்டையிடி வந்துரும்" என்று பள்ளியில் பேராகிவிட்டது.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. மிளகாய் சுற்றிப் போட்டோம், சைனஸ் என்று ஆவி பிடிக்க வைத்தோம், கண்ணாடி மாற்றினோம். அவளுக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. அந்தப் பேரே ஆளை ஏமாற்றுகிறது. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் இடிப்பது, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுக்க, இரண்டு பொட்டிலும் இடிக்கும். தூங்கினால் விட்டுப்போவதும் இந்த நோயின் குணம்தான். நடிப்பு இல்லை.

வைத்தியம் சிக்கலானதல்ல. வலி தொடங்கியவுடனே, மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவில் பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபன். ஆஸ்பிரின் கூடாது. "மணி அடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டால் மாத்திரையும் வாந்தியோடு வந்துவிடும். தினமும் போடும் தடுப்பு மாத்திரைகளைப் பற்றி 2017-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. 361 சிறார்களைச் சேர்த்துப் பார்த்ததில், சோதித்த இரண்டு மருந்துகளும் மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அதனால் வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம் இவற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வலி கூடுவதோ அதற்கடுத்த வகுப்புகளில், வயதுக்கு வரும் பருவத்தில். திட்டத்தை அவர்களுக்கும் நீட்டுவது தங்கள் கையில் இல்லை என்பது தெரியும்.

தங்கள் கையில் இருப்பது ஒரு சுற்றறிக்கை. மருத்துவர் சீட்டு உள்ள பிள்ளை, வலி வந்ததுமே மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். வெளிச்சம் குறைந்த ஓர் அறையில் படுக்க இடம் கொடுங்கள். பள்ளிக்கு வரும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு பல்லையும் கண்ணையும் பார்க்கும்போது, "தலை வலிக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். விடியற்காலையில் வலியே தூக்கத்தைக் கலைக்கிறது, நடை தள்ளாடுகிறது, பார்வை இரட்டையாகிறது என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பாய் நாங்களே வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அத்தை
கொண்டப்பநாயக்கன்பட்டி